மார்கழிப் பனியில் வண்டி வீடு

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டியைத் தமிழர்கள் பெரும்பாலும் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவனாகத்தான் அறிவார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதையே வீடாக்கிக்கொண்டு மாதக்கணக்கில் குடியிருப்பவர்கள் உண்டு. சித்தூர், திருப்பதிப் பக்கம் அப்படிப்பட்ட சொகுசு வண்டி அரிது. ஆனால் வண்டிக்குள் இரவைக் கழிக்கிறவர்கள் ஏராளம். சென்னை–பெங்களூரு மார்க்கத்தில் ஓடும் லாரிகளின் டிரைவர்களும் கிளீனர்களும், மதனப்பள்ளித் தக்காளி மண்டியில் லோடுக்குக் காத்திருப்பவர்களும் அப்படித்தான் உறங்குகிறார்கள். சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகும் யாத்திரை பஸ்காரர்களுக்கும், தங்க அறை கிடைக்காத பக்தர்களுக்கும் வண்டியின் இருக்கையே படுக்கை. ஐயப்ப சீசன், வைகுண்ட ஏகாதசி, பொங்கல் விடுமுறை ஆகிய மூன்றும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் வருவதால், குளிர் மாதங்களில்தான் இவர்கள் கூட்டம் மிகுதி.

இந்தப் பகுதியின் குளிர் உடல்நலம் உள்ளவரின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையானதல்ல. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக மூடி, உள்ளே நெருப்பை மூட்டுவதும் இன்ஜினை ஓடவிடுவதும்தான் உயிருக்கு உலை வைக்கின்றன. குளிரில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

மேட்டுக் குளிரும் பள்ளக் குளிரும்

பழைய சித்தூர் மாவட்டம் இரண்டு தட்டாக அமைந்த நிலம். கிழக்கே திருப்பதி, காளஹஸ்திப் பக்கம் தாழ்வான சமவெளி. மேற்கே பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி, குப்பம் ஆகியவை மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 750 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்தில் சேர்ந்தது. நிர்வாகம் பிரிந்தாலும் லாரிகள் இரண்டு தட்டுக்கும் இடையில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. பலமநேருக்கும் பங்காருபாளையத்துக்கும் நடுவிலுள்ள மொகிலி மலைப்பாதை அப்படிப்பட்ட ஓர் இறக்கம்.

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். திருப்பதியைவிடச் சுமார் 700 மீட்டர் உயரத்திலுள்ள திருமலை நான்கைந்து டிகிரி கூடுதலாகக் குளிர்வது இதனால்தான். அடிவாரத்தில் மெல்லிய போர்வை போதும் என்றிருந்தவர் மலையேறியதும் கம்பளி தேடுவார். மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி ஹில்ஸ் 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பீடபூமி ஊர்களில் அதிகாலை வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு.

இங்கே குளிரோடு ஈரமும் சேர்ந்தே வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் பனி இறங்கத் தொடங்கும். நனைந்த தார்ப்பாய், காயாத துணி, ஈரச் செருப்பு ஆகியவற்றோடுதான் வண்டிவாசிகள் குளிர்காலத்துக்குள் நுழைகிறார்கள்.

தகரம் ஏன் சில்லிடுகிறது

செங்கல் சுவர் பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல விடுகிறது. வண்டியின் சுவரோ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. அது வெப்பத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை, வெளியேறாமல் தடுப்பதும் இல்லை. மேகமற்ற இரவில் வண்டியின் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால்தான் அதிகாலையில் லாரிக் கூரையிலும் கண்ணாடியிலும் பனித்துளி கோத்து நிற்கிறது.

கண்ணாடி இன்னொரு ஓட்டை. லாரிக் கேபினின் முன்பக்கம் பெரும்பாலும் கண்ணாடிதான். யாத்திரை பஸ்ஸின் இருபக்கமும் கண்ணாடிதான். அதற்குக் கீழே தரை இருக்கிறது. நிறுத்திய ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இன்ஜின் சூடு கேபின் தரையை வெதுவெதுப்பாக வைக்கும். நள்ளிரவு தாண்டினால் அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். டிரைவர்களுக்கு விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் மிகக் கடினம் என்பதற்கு இதுவே காரணம். வானிலைப்படியும் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை சூரியன் எழும் வேளையை ஒட்டியே பதிவாகிறது.

மூச்சே நீராகும் விதம்

தூங்கும் மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரவில் கால் லிட்டருக்கும் மேல் நீரை ஆவியாக வெளியிடுகிறார். இரண்டு பேர் படுத்தால் அரை லிட்டரைத் தாண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் அதே காற்று 9 கிராமைத்தான் தாங்கும். மிஞ்சியது குளிர்ந்த தகட்டிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். லாரியின் படுக்கை அறை ஐந்தாறு கன மீட்டர் இடம்தான் என்பதால் படிவது வேகமாக நடக்கும்.

படிந்த நீர் கூரையிலிருந்து சொட்டி மெத்தையில் இறங்குகிறது. மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கிறது, மின்கம்பி இணைப்புகள் பச்சை பூக்கின்றன, தகடு துருப்பிடிக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்குப் பூஞ்சை வாடையே இழுப்பை வரவழைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரமான போர்வையால் உடல் சூட்டைக் காக்க முடியாது. நூல்களுக்கு இடையே நிற்க வேண்டிய காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்வதே காரணம்.

ஈரத்துக்கு மருந்து காற்றோட்டம்தான். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஜன்னல்களை விரல் அகலம் திறந்து வைத்தால் ஈரக் காற்று வெளியேறி உலர்ந்த காற்று உள்ளே வரும். அதனால் கேபின் ஒன்றிரண்டு டிகிரி குளிரலாம். அந்த நஷ்டத்தை இன்னொரு போர்வை ஈடுகட்டிவிடும். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவின. காசநோய்க்கு மாத்திரை இல்லாத அந்தக் காலத்தில் சுத்தமான திறந்த காற்றையே மருத்துவர்கள் சிகிச்சையின் பெரும்பகுதியாகக் கருதினார்கள். இந்தப் பீடபூமியின் குளிர்காற்று உடல்நலம் உள்ளவரின் நுரையீரலுக்குப் பகை என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. பகையாவது அடைபட்ட காற்றுதான்.

மணம் இல்லாத நஞ்சு

கரி, விறகு, டீசல், பெட்ரோல், சமையல் எரிவாயு எதுவானாலும் போதிய காற்றின்றி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டலும் மயக்கமும் வரும். விழித்திருப்பவர் ஏதோ சரியில்லை என்று எழுந்து வெளியே வரலாம். உறங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். வண்டியின் ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகைதான் உள்ளே புகுந்தது என்று, கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் நடத்திய சோதனையில் தெரியவந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்தபோது இரண்டு மணி நேரத்தில் நஞ்சின் அளவு 900 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 900 பங்கு) தாண்டியது. தரையில் இருந்த ஒரு துளையே அது புகுந்த வழி. குளிரூட்ட ஓடிய ஜெனரேட்டர் செய்ததைச் சூடேற்ற ஓடும் இன்ஜினும் செய்யும்.

மூன்று பழக்கங்களை அடியோடு விட வேண்டும். ஒன்று, கரி நிரப்பிய குமுட்டி அடுப்பையோ தணல் சட்டியையோ கேபினுக்குள் வைத்து உறங்குவது. கரி அணைந்ததுபோல் சாம்பல் பூத்த பிறகும் நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு, ஹீட்டருக்காகவோ ஏசிக்காகவோ இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது. சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும், வண்டியின் பின்புறம் சுவரை ஒட்டி நின்றாலும் புகை உள்ளே திரும்பும். டீசலும் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் வீணாகும். மூன்று, கேஸ் அடுப்பையே ஹீட்டராக எரியவிடுவது. மேலைநாட்டு வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இன்றியமையாத பொருளாகிவிட்டது. பேட்டரியில் ஓடும் அந்தச் சிறு கருவியை இந்தியாவிலும் வாங்கலாம்.

அடுப்பு வைக்கும் இடம்

யாத்திரை பஸ்ஸில் அடுப்பு இல்லாமல் முடியாது. விடியற்காலைக் காபியும் வெந்நீரும் குளிரைத் தாங்க உதவுகின்றன. ஆனால் ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி வெளிப்படும். உள்ளே சமைத்தால், மூடிய வண்டியில் அவ்வளவு நீரும் கூரைத் தகட்டில் போய்ப் படியும்.

நெருப்பு அதைவிடப் பெரிய கேடு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் பெட்டி ஒன்று தனியே கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தார்கள். அது ரயில் பெட்டி என்றாலும், நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தென்னாட்டில் அதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி சமீபத்தில் இல்லை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தரையில் தேங்கி நிற்கும். ஒரு ஸ்விட்சின் பொறி போதும்.

பழைய யாத்திரை பஸ்காரர்களின் முறை இன்றும் சரியானது. வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி, காற்று மறைவில் அடுப்பு மூட்ட வேண்டும். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடி, சூடு ஆறிய பிறகே சாமான்களை ஏற்ற வேண்டும். இரவுக்குத் தேவையான வெந்நீரை பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டால் நடு இரவில் அடுப்பு தேவைப்படாது.

முதலில் படுக்கை, பிறகுதான் ஹீட்டர்

தூங்கும் உடலே ஒரு சிறு ஹீட்டர். அது 70 வாட் அளவுக்கு வெப்பம் தருகிறது. அதை வீணாக்காமல் பிடித்து வைத்தால் 12 டிகிரிக் குளிரிலும் நிம்மதியாக உறங்கலாம். மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம். உடல் எடையில் நசுங்கும் போர்வை சூட்டைக் காக்காது. நசுங்காத ஃபோம் தாள், தடித்த ஜமக்காளம், அதுவும் இல்லாவிட்டால் மடித்த அட்டைப்பெட்டிகூட உதவும். மேலே ஒரே தடித்த கம்பளியைவிட இரண்டு மூன்று மெல்லிய போர்வைகள் நல்லது. ராயலசீமையின் குருபர் சமூகத்தினர் நெய்யும் ஆட்டு ரோமக் கம்பளி ஓரளவு நனைந்தாலும் சூடு தருவதால் ஆட்டு மந்தைக்காரர்களுக்கு இன்றும் அதுவே துணை.

உடுத்திய துணி காய்ந்திருக்க வேண்டும். பகலில் வியர்த்த பனியனை மாற்றாமல் படுத்தால் என்ன போர்த்தினாலும் குளிரும். தலைக்கு மப்ளரும் காலுக்குச் சாக்ஸும் போதும். மதுபானம் உடலைச் சூடாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது தோலை ஒட்டிய இரத்தக் குழாய்களை விரித்து உடல் சூட்டை வெளியே இழுத்துவிடுகிறது. சூடு ஏறியதுபோலத் தோன்றுவதோடு சரி.

அடுத்து கண்ணாடி. ஃபோமும் வெள்ளித் தாளும் ஒட்டிய விரிப்பைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி உள்பக்கம் பொருத்தினால் குளிர் பெருமளவு தடைபடும். வண்டியைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவே ஃபோம் வைத்து அடைப்பது வழக்கம். அது கோடையில் திருப்பதி வெயிலையும் தடுப்பதால், செலவு இரண்டு பருவத்துக்கும் பயன் தரும்.

இவ்வளவுக்கும் மேல் ஹீட்டர் வேண்டுமானால் ஐரோப்பிய லாரிகளில் உள்ள டீசல் ஹீட்டர்தான் பாதுகாப்பான வகை. எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்து இழுத்து, புகையையும் தனிக் குழாய் வழியாக வெளியேற்றுகிறது. கேபினுக்குள் வருவது சூடான சுத்தக் காற்று மட்டும். ஆனால் புகைக்குழாயை ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். சித்தூர்க் குளிருக்கு அது அவசியமே இல்லை.

பேட்டரி

குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது. ஈய-அமில பேட்டரி 0 டிகிரியில் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 12, 15 டிகிரியில் இழப்பு சிறிதுதான். வயதான பேட்டரிக்கு அந்தச் சிறிதே காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகப் போதும். இரவெல்லாம் விளக்கும் செல்போன் சார்ஜரும் ஓடியிருந்தால் இன்னும் மோசம். நாடெங்கும் பெயர் பெற்ற அமர ராஜா பேட்டரி நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் வளர்ந்தது என்பதால் இந்தப் பகுதியில் பேட்டரிக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் பஞ்சம் இல்லை.

வண்டியில் அடிக்கடி தங்குகிறவர்கள் இன்ஜினுக்கு ஒன்று, விளக்குக்கும் விசிறிக்கும் வேறொன்று என இரண்டு பேட்டரிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது வழக்கம். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. இங்கே அந்தச் சிக்கல் எழாது. லடாக்குக்குப் போகும் வண்டியில் எழும்.

நிறுத்துமிடம்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் பள்ளத்தை நோக்கி வழிந்து ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் தேங்கும். சற்று மேடான, மரமோ கட்டடமோ காற்றை மறைக்கும் இடம் நல்லது. கிழக்குப் பார்த்து நிறுத்தினால் முதல் வெயில் கண்ணாடியைக் காயவைக்கும். மழைக்காலத்தில் ஆற்றோரத்துக்கு இன்னொரு அபாயமும் உண்டு. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளக்காடானது. திருமலைப் பாதையில் மண் சரிந்தது. கார்த்திகை மழையின்போது ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையிலும் மலைச்சரிவின் அடியிலும் வண்டியை நிறுத்தி உறங்குவது தகாது.

பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய சாலைகளில் யானைகள் நடமாடும். இரவில் காட்டோரம் நிறுத்துவது, அதுவும் வண்டியில் பழமோ கரும்போ இருக்கும்போது, ஆபத்து. திருமலைக்கு இரண்டு சாலைகள் உண்டு: 1944-இல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கும், 1974-இல் திறந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் போக்குவரத்து கிடையாது. கடைசி நேரத்தில் மலைப்பாதை தொடங்கும் அலிபிரிக்கு வந்து சேர்ந்து இரவெல்லாம் வண்டியில் நடுங்குவதைவிட, அடிவாரத்திலுள்ள தேவஸ்தானத்தின் தங்குமிடங்களில் இடம் பார்ப்பது மேல். கைக்குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் அது கட்டாயம். அவர்கள் உடல் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளும் திறன் குறைவு.

உறைபனி நாட்டுக் கணக்கு

கனடாவிலோ நார்வேயிலோ குளிர்காலத்தை வண்டியில் கழிப்பவர்களின் முதல் கவலை தண்ணீர். குழாயில் உறைந்த நீர் விரிந்து குழாயைப் பிளக்கும். அதனால் தொட்டியையும் குழாயையும் வெப்பத் தடுப்புக்குள் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் முழுக்க வடித்துவிடுகிறார்கள். அடுத்த கவலை எரிபொருள். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அந்த நாடுகளில் புரொப்பேன் சிலிண்டரையே தேர்ந்தெடுப்பதன் காரணம் இது. டீசலும் கடுங்குளிரில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். லடாக்கில் ஓடும் வண்டிகளுக்காக, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

சித்தூர் லாரி வடக்கே போகும்போது இந்தக் கணக்கில் சில அதற்கும் பொருந்தும். பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேச நெடுஞ்சாலைகளில் டிசம்பர், ஜனவரி மூடுபனி வண்டிகளை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே கூடுதல் கம்பளியும், இரண்டு நாளைக்கான உணவும் நீரும் ஏற்றிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

வசதியும் சட்டமும்

வண்டியில் வாழ்கிறவர்களைப் பற்றி அரசுகள் மெல்லத்தான் நினைக்கத் தொடங்கியிருக்கின்றன. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை வகுத்து, அடுத்த ஆண்டே வாகமணில் கேரவன் பூங்காவைத் திறந்தது. மின் இணைப்பு, தண்ணீர், கழிவு வெளியேற்றும் வசதி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் அத்தகைய பூங்காவில் ஜெனரேட்டரே தேவையில்லை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், புதிதாகத் தயாராகும் எல்லாவற்றிலும் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஓட்டும் நேரத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். இரவு உறக்கத்துக்கு அந்த விதியால் விடை கிடைக்கவில்லை.

அந்த விடை லாரிகள் நிற்கும் இடங்களில் கிடைக்க வேண்டியது. நெடுஞ்சாலையோரம் வெளிச்சமும் கழிப்பறையும் வெந்நீரும் படுக்கை வசதியும் உள்ள ஓய்விடங்கள் பெருகினால் தணல் சட்டியைக் கேபினுக்குள் தூக்கி வைக்கும் நிலை யாருக்கும் வராது. அதுவரை வண்டியில் இரவு கழிப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது இவ்வளவுதான்: உலர்ந்த படுக்கை, இரண்டு மூன்று போர்வை, விரல் அகலம் திறந்த இரண்டு ஜன்னல்கள், அணைத்த இன்ஜின், வண்டிக்கு வெளியே அடுப்பு. சித்தூரின் குளிருக்கு இவை தாராளம்.